குளோபல் எமர்ஜென்சி மெடிசின் ஃபெலோஷிப்: திருகோணமலை டொக்டருக்கு எந்த வழி?

அவசர சிகிச்சைப் பிரிவில் இரண்டு மூன்று வருடம் நின்று பழகிய தம்பி தங்கச்சிமார் அண்மைக்காலமாக ஒரே கேள்வியோடுதான் வருகிறார்கள். குளோபல் எமர்ஜென்சி மெடிசினில், அதாவது உலகளாவிய அவசர மருத்துவத்தில், ஃபெலோஷிப் என்ற மேற்பயிற்சி செய்யலாமா, செய்வதென்றால் அமெரிக்காவா, இங்கிலாந்தா, இல்லை இங்கேயே பி.ஜி.ஐ.எம். என்ற பட்டப்பின் மருத்துவ நிறுவனத்தின் எம்.டி. நிபுணர் பட்டத்தை முடித்துவிட்டுத்தான் யோசிக்க வேண்டுமா? ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வட்ஸ்அப்பில் பேசி அனுப்பி வாய் வலித்துப் போனதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். திருகோணமலையிலோ கிண்ணியாவிலோ கந்தளாயிலோ மூதூரிலோ வேலை செய்கிற, படித்துவிட்டுத் திரும்பவும் இந்தப் பக்கத்துக்கே வர நினைக்கிற டொக்டருக்காக எழுதுவது இது. திரும்பி வரும் எண்ணமே இல்லை என்றால் உங்கள் கணக்கு வேறு. அதில் தப்பு ஒன்றும் இல்லை, ஆனால் கீழே சொல்வதில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

முதலில் இது என்ன படிப்பு என்று பார்த்துவிடுவோம், ஏனென்றால் பெயரைக் கேட்டதும் ஹெலிகொப்டரில் இறங்கி ஒபரேஷன் செய்கிற வேலை என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். உண்மையில் இதில் பெரும் பங்கு மேசை வேலை. அம்புலன்ஸ் இல்லாத ஊரில் அம்புலன்ஸ் சேவையை எப்படித் தொடங்குவது, அவசரப் பிரிவுக்கு வருகிறவர்களை எந்த வரிசையில் பார்ப்பது, நர்ஸ்மாருக்கும் எம்.ஓ. எனும் மருத்துவ அதிகாரிமாருக்கும் என்ன பயிற்சி, அனர்த்தம் வந்தால் யார் யாருக்குக் கட்டளை இடுவது, இதையெல்லாம் தரவு வைத்து எப்படி நிரூபித்து சுகாதார அமைச்சிடம் காசு வாங்குவது என்பதுதான் படிப்பின் உடம்பு. அகதி முகாம், யுத்தம், தொற்றுநோய் எல்லாம் அதற்கு மேலே வரும். 2019இல் உலக சுகாதார சபை, எல்லோருக்கும் மருத்துவம் கிடைக்க வேண்டுமென்றால் அவசர சிகிச்சை முறைமையைக் கட்டியெழுப்பியே ஆக வேண்டும் என்று ஒரு தீர்மானம் எடுத்தது. வருமானம் குறைந்த, நடுத்தர வருமான நாடுகளில் நடக்கும் சாவுகளில் பாதிக்கு மேல் அவசர சிகிச்சையால் கையாளக்கூடிய நோய்களாலும் காயங்களாலும் வருகிறவை என்பதுதான் அதன் பின்னால் இருக்கும் வாதம். அதற்குப் பிறகு இந்தத் துறைக்குக் கொஞ்சம் மவுசு கூடியது.

சரி, அமெரிக்காவில் இருந்து தொடங்குகிறேன், எல்லோர் கண்ணும் அங்கேதானே. இந்த ஃபெலோஷிப் என்கிற வடிவமே அங்கேதான் வளர்ந்தது. ஹார்வர்டோடு சேர்ந்த பிரிகம் ஆஸ்பத்திரி, ஜோன்ஸ் ஹொப்கின்ஸ், பிரவுண் என்று பெரிய பெயர்கள் எல்லாம் நடத்துகின்றன. வழக்கமாக ஒன்று அல்லது இரண்டு வருடம், இரண்டு வருடம் என்றால் எம்.பி.எச். என்ற பொதுச் சுகாதார முதுகலைப் பட்டமும் சேர்ந்து வரும், அதன் கட்டணத்தைப் பெரும்பாலும் அவர்களே கட்டுவார்கள். அதற்குப் பதிலாக அந்த ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் முழுத் தகுதி பெற்ற டொக்டராக குறிப்பிட்ட அளவு ஷிஃப்ட் நிற்க வேண்டும். உங்கள் சம்பளமே அந்த ஷிஃப்ட்டில் இருந்துதான் வருகிறது. மிச்ச நேரத்தில் வருடத்துக்குச் சில மாதம் வெளிநாட்டுத் திட்டம் ஒன்றில் வேலை.

இந்த ஷிஃப்ட் விஷயத்தில்தான் நம்மவர்களுக்கு இடி. அங்கே ஷிஃப்ட் நிற்க அந்த மாநிலத்தின் லைசென்ஸ் வேண்டும். லைசென்ஸுக்கு யூ.எஸ்.எம்.எல்.இ. என்ற மருத்துவ உரிமப் பரீட்சைகளும் வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்கான ஈ.சி.எஃப்.எம்.ஜி. சான்றிதழும் போதாது, அநேக மாநிலங்களில் ரெசிடென்சி என்ற அமெரிக்க ஆஸ்பத்திரிப் பயிற்சியும் வேண்டும். அவசர மருத்துவ ரெசிடென்சி மூன்று அல்லது நான்கு வருடம். அதற்குள் நுழைய அமெரிக்க அவசரப் பிரிவுகளில் போய் நின்று, அவர்கள் எழுதும் ஒரு தனி மாதிரியான மதிப்பீட்டுக் கடிதம் வாங்க வேண்டும். இங்கே உங்கள் கன்சல்டன்ட் எவ்வளவு பாசமாக எழுதிக் கொடுத்தாலும் அது அந்தக் கடிதத்துக்கு ஈடாகாது. 2023இல் அங்கே அவசர மருத்துவ ரெசிடென்சியில் 554 இடம் நிரம்பாமல் போனது, அந்த நேரம் வெளிநாட்டு டொக்டர்மாருக்குக் கதவு திறந்துவிட்டது என்று இங்கே பெரிய ஆரவாரம். அடுத்தடுத்த வருடங்களில் அந்த இடைவெளி வேகமாகச் சுருங்கிவிட்டது. ஆக பரீட்சைக்கு இரண்டு வருடம், ரெசிடென்சி மூன்று நான்கு, ஃபெலோஷிப் ஒன்று இரண்டு என்று கூட்டிப் பாருங்கள். அந்த நேரத்துக்கு நீங்கள் இங்கே கன்சல்டன்ட் ஆகியிருப்பீர்கள்.

லைசென்ஸ் இல்லாத வெளிநாட்டு டொக்டரை நோயாளி பார்க்காத ஃபெலோவாக எடுக்கும் இடங்களும் உண்டு. ஆனால் அங்கே சம்பளம் என்ற பேச்சுக்கு அநேகமாக இடமில்லை, எம்.பி.எச். கட்டணத்தையும் நீங்களேதான் தேட வேண்டும். 2022இல் சில வாரங்களுக்குள் டொலர் 200 ரூபாவில் இருந்து 360 பக்கம் ஏறியதைப் பார்த்தவர்களுக்கு ரூபாயில் உழைத்து டொலரில் கட்டணம் கட்டுவதைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை. முழு உதவித்தொகை கிடைத்தால் மட்டும் அதைப் பற்றிப் பேசலாம். இன்னொன்று, இந்தத் துறையின் வெளிநாட்டுத் திட்டங்களில் கணிசமானவை அமெரிக்க அரசின் உதவிப் பணத்தை நம்பி ஓடியவை. அதைக் கொடுத்த யூ.எஸ்.எய்ட் நிறுவனம் 2025 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. ஆகவே ஒரு ஃபெலோஷிப்பின் இணையப் பக்கத்தில் அழகாக ஐந்து நாட்டுத் திட்டத்தின் படம் இருந்தால், இந்த வருடம் அதில் எது உயிரோடு இருக்கிறது, போன வருட ஃபெலோ எங்கே போனார் என்று மின்னஞ்சல் போட்டுக் கேளுங்கள். கேட்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

விசாவைப் பற்றி ஒரு வரி. ஜே-1 விசாவில் பயிற்சி எடுத்தால் முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்று நிபந்தனை வரும். தங்க நினைப்பவர்களுக்கு அது தொல்லை, திரும்பி வர நினைக்கும் உங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

ஆனால் அமெரிக்க வழியில் எனக்கு உள்ள பெரிய மனத்தடை விசாவோ காசோ கிடையாது. அந்தப் பாடத்திட்டம் பொஸ்டனில் வளர்ந்த டொக்டரை நம்மைப் போன்ற ஊருக்கு அனுப்புவதற்காகத் தைத்தது. வசதி குறைந்த இடத்தில் எப்படி வைத்தியம் செய்வது, பாம்புக்கடிக்கு என்ன செய்வது, பூச்சிமருந்து குடித்து வந்தவரை வென்டிலேட்டர் இல்லாமல் எவ்வளவு நேரம் தாக்குப்பிடிப்பது, மொழி தெரியாத நோயாளியிடம் எப்படிப் பேசுவது என்றெல்லாம் அதில் வரும். கடலோரத்து நிலாவெளிப் பிள்ளைக்குக் காசு கட்டி நீச்சல் பழக்குவது மாதிரி. கண்ணாடி விரியன் கடித்து வந்தவரின் இரத்தத்தைக் கண்ணாடிக் குழாயில் எடுத்து இருபது நிமிடம் வைத்து உறைகிறதா என்று பார்ப்பது நமக்கு இன்டேர்ன் காலத்துப் பழக்கம். பூச்சிமருந்து குடித்தவருக்கு அட்றோபின் மருந்து எவ்வளவு போடுவது என்று நோயாளியின் நெஞ்சில் ஸ்டெத்தை வைத்துக்கொண்டே முடிவெடுப்பவர்கள் நாங்கள். சங்குக்கும் கடலட்டைக்கும் ஆழத்தில் முழுகி விறுக்கென்று மேலே வந்து கால் மரத்துப்போன ஆளைப் பார்த்ததும், உடனே கடற்படையின் அழுத்தக் கூடத்துக்கு அழைப்பு எடுக்க வேண்டும் என்று திருகோணமலை எம்.ஓ.வுக்கு யாரும் வகுப்பு எடுக்கத் தேவையில்லை. அனர்த்தம் என்றால் 2004 சுனாமியில் கிண்ணியா வைத்தியசாலையே சேதமான மாவட்டம் இது. 2021இல் குறிஞ்சாக்கேணிப் படகுப்பாதை கவிழ்ந்தபோது பள்ளிப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்ததும் இதே மாவட்டத்து ஆஸ்பத்திரிக்குத்தான்.

அப்படியென்றால் நமக்குக் குறைவது என்ன? ஒரு உதாரணம் மட்டும் சொல்கிறேன். இரவு இரண்டு மணிக்கு மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையில் அடிபட்டு ஒரு பொடியன் வருகிறான். மூச்சுக்குக் குழாய் போட்டாயிற்று, மூளையில் இரத்தக்கசிவு, நியூரோசேர்ஜரிக்கு அநுராதபுரம் அனுப்ப வேண்டும். ஹொரவப்பொத்தானைப் பாதையில் நூறு கிலோமீற்றருக்கு மேல், வழியில் யானை நின்றால் வண்டி நிற்கத்தான் வேண்டும். அம்புலன்ஸில் இருப்பது ஈ சைஸ் ஒக்சிஜன் சிலிண்டர் என்று வையுங்கள். முழுதாக நிரம்பியிருந்தால் 680 லீற்றர். நிமிடத்துக்கு 10 லீற்றர் என்று திறந்துவிட்டால் 68 நிமிடத்தில் காலி, பாதை இரண்டு மணி நேரம். இதை யாராவது கிளம்பும் முன் கணக்குப் போட்டு இரண்டாவது சிலிண்டரை ஏற்றினார்களா, கேஜில் முள் எங்கே நின்றது என்று பார்த்தார்களா, கூடப் போகிற ஜூனியருக்கு வழியில் பிரஷர் விழுந்தால் என்ன செய்வதென்று எழுதிக் கொடுத்தார்களா, மறுபக்கத்தில் யாரிடம் பேசினார்கள் என்று எங்கேயாவது பதிவு இருக்கிறதா? 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வரும் சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016இல் தொடங்கி நாடு முழுக்க வந்து, வீட்டில் இருந்தும் வீதியில் இருந்தும் ஆஸ்பத்திரிக்கு வரும் பாதையை மாற்றிவிட்டது, அதற்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும். ஆனால் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்து இன்னொரு ஆஸ்பத்திரிக்கு மாற்றுவது அதன் வேலை கிடையாது. அந்த இடைவெளியில் என்ன நடக்கிறது என்று நம் எல்லோருக்கும் கதை தெரியும், ஒருவரிடமும் எண் இல்லை.

அந்த எண்ணை எப்படிச் சேர்ப்பது, அதை எந்த மேசையில் கொண்டுபோய் வைப்பது, மூன்று வருடம் கழித்து மாற்றம் வந்ததா என்று எப்படி அளப்பது என்பவைதான் நமக்குத் தெரியாதவை. தொற்றுநோயியல், புள்ளிவிபரம், திட்ட வரைவு, வரவுசெலவு, ஒரு பிரேரணையை எழுதிக் காசு கேட்பது. இதைச் சொல்லித் தருகிற வழிக்குக் காசையும் வருடத்தையும் கொடுங்கள், நாட்டின் பெயருக்குக் கொடுக்காதீர்கள். மிச்ச வழிகளையும் இந்தத் தராசில்தான் நிறுக்கப் போகிறேன்.

இங்கிலாந்து. வெளிநாட்டு டொக்டர்மாருக்கான பி.எல்.ஏ.பி. பரீட்சை எழுதிப் போகலாம், அல்லது அங்குள்ள அவசர மருத்துவக் கல்லூரியின் அங்கத்துவப் பரீட்சையான எம்.ஆர்.சி.ஈ.எம். மூன்று பகுதியையும் முடித்தால் பி.எல்.ஏ.பி. இல்லாமலே ஜி.எம்.சி. என்ற மருத்துவ கவுன்சிலில் பதிவு எடுக்கலாம், ஆங்கிலப் பரீட்சை மட்டும் வேண்டும். இரண்டில் ஒன்று என்றால் கண்ணை மூடிக்கொண்டு எம்.ஆர்.சி.ஈ.எம். என்பேன். பி.எல்.ஏ.பி. அந்த நாட்டுக்குள் போக ஒரு டிக்கட், அவ்வளவுதான், மற்றது துறைக்குள்ளேயே மதிப்புள்ள பரீட்சை, அதற்குப் படித்தது மறுநாளே ஈ.ரி.யூ. என்ற நம் அவசரப் பிரிவில் உதவும். பி.எல்.ஏ.பி. முடித்துவிட்டு வேலை இல்லாமல் வாடகை கட்டிக்கொண்டிருக்கும் நம் ஆட்களின் கதை இப்போது ஊரறிந்தது. 2025இல் வெளிவந்த பத்து வருட சுகாதாரத் திட்டத்திலும் பயிற்சி இடங்களுக்கு உள்நாட்டுப் பட்டதாரிகளுக்கு முன்னுரிமை என்று பிரித்தானிய அரசு எழுதியே வைத்துவிட்டது. ஆகவே அங்கே போய் முழுப் பயிற்சி எடுத்து நிபுணர் ஆகிறேன் என்ற கனவின் வாசல் குறுகிக்கொண்டு வருகிறது.

அங்கே உள்ள எம்.ரி.ஐ. என்ற வெளிநாட்டு டொக்டர்மாருக்கான பயிற்சித் திட்டம் வேறு மாதிரி. அதிகபட்சம் 24 மாதம், வருமானம் குறைந்த, கீழ் நடுத்தர வருமான நாட்டு டொக்டர்மாருக்கு முன்னுரிமை, படித்துவிட்டுத் திரும்பிப் போக வேண்டும் என்பதே அதன் நோக்கம். திரும்பி வர நினைப்பவருக்கு இதைவிடப் பொருத்தமான விசா இல்லை. ஆனால் அது தருவது நல்ல அவசர மருத்துவ அனுபவம். குளோபல் என்ற பகுதி தானாக வராது, நீங்கள்தான் தேடிச் சேர்க்க வேண்டும். சில என்.எச்.எஸ். (அந்நாட்டு அரச சுகாதார சேவை) அவசரப் பிரிவுகள் குளோபல் ஹெல்த் ஃபெலோ என்று விளம்பரம் போடுவதையும் பார்த்திருப்பீர்கள். பாதி நேரம் அங்கே ஷிஃப்ட், மீதி ஆபிரிக்காவில் ஏதாவது ஒரு ஆஸ்பத்திரியில் என்ற மாதிரி. அதுவும் அங்குள்ள டொக்டரை நம்மைப் போன்ற இடத்துக்கு அனுப்பத்தான், மேலே சொன்ன நிலாவெளிக் கதைதான்.

இந்தியாவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லி முடித்துவிடுகிறேன். பக்கத்தில் இருக்கிறது, மொழிப் பிரச்சினை குறைவு, சாப்பாட்டுக்குக் கஷ்டமில்லை. ஆனால் அங்கே தனியார் ஆஸ்பத்திரிகளில் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தின் பெயரோடு நடக்கும் எம்.ஈ.எம். என்ற மூன்று வருட அவசர மருத்துவப் படிப்பை இந்திய மருத்துவ ஆணையமே பட்டமாக ஏற்பதில்லை. கையில் வேலை பழகலாம், நல்ல ஆசிரியர்கள் இருக்கிறார்கள். இங்கே வந்து அரச சேவையில் கன்சல்டன்ட் என்று உட்கார அது உதவாது.

இந்த வாக்கியம் இந்தியாவுக்கு மட்டும் பொருந்துவது என்று நினைக்க வேண்டாம். ஹார்வர்டில் முடித்து வந்தாலும் சுகாதார அமைச்சில் உங்களை நிபுணர் என்று ஏற்பது பி.ஜி.ஐ.எம். தரும் போர்ட் சேர்ட்டிபிகேஷன் என்ற நிபுணர் சான்றிதழை வைத்துத்தான். அது இல்லாமல் எவ்வளவு பெரிய ஃபெலோஷிப்போடு வந்தாலும் ரோஸ்டரில் உங்கள் பெயர் எம்.ஓ. வரிசையில்தான் இருக்கும், நோயாளி ட்ரான்ஸ்ஃபர் முறையை மாற்றுவோம் என்று கூட்டத்தில் எழுந்து நின்றால் பின்வரிசையில் இருந்து பேசுவதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். எனக்கு இந்தப் படிநிலை பிடித்திருக்கிறது என்று சொல்லவில்லை, ஆனால் அதற்குள்தான் வேலை நடக்கிறது.

அதனால்தான் பி.ஜி.ஐ.எம். வழியை நான் முதலில் வைப்பேன். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கீழ் உள்ள பி.ஜி.ஐ.எம். அவசர மருத்துவத்தில் எம்.டி. நடத்துகிறது, தெரிவுப் பரீட்சையில் இருந்து போர்ட் சேர்ட்டிபிகேஷன் வரை ஐந்தாறு வருடத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சிக் காலம் முழுக்க அரசாங்கச் சம்பளம் வரும், அது சின்ன விஷயம் இல்லை. பயிற்சி பெரிய ஆஸ்பத்திரிகளில் என்பதால் வீட்டை விட்டுப் போயே ஆக வேண்டும். திருகோணமலையில் இருந்து கொழும்புக்கு இரவு பஸ்ஸில் போய் வந்துகொண்டே படிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இதன் உண்மையான லாபம் கடைசியில் வரும் வெளிநாட்டு வருடம். இடத்தை போர்ட் ஒவ் ஸ்டடி என்ற பி.ஜி.ஐ.எம். பாடக் குழு அங்கீகரிக்க வேண்டும், திரும்பி வந்து சேவை செய்ய பொண்ட் (உறுதிப்பத்திரம்) எழுத வேண்டும், ஆனால் உங்களுக்கு அந்த நேரம் ஒரு பட்டமும் ஒரு பதவியும் காத்திருக்கிறது. பெரும்பாலானவர்கள் அந்த வருடத்தை அவுஸ்திரேலியாவிலோ இங்கிலாந்திலோ ஒரு நல்ல அவசரப் பிரிவில் ஷிஃப்ட் நின்றே கழித்துவிடுகிறார்கள். களைத்துப் போனவர்கள், கொஞ்சம் காசும் சேர்க்க வேண்டும், நியாயம்தான். ஆனால் அதே வருடத்தில் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி மாற்றும் சேவையைத் தனியாக நடத்தும் ஒரு பிரிவோடு ஒட்டிக்கொள்ளலாம். அவர்களின் செக்லிஸ்ட், அவர்களின் தரவுத்தளம், அவர்கள் மாதா மாதம் நடத்தும் குறைகாண் கூட்டம் எல்லாவற்றையும் பார்த்துக் கொப்பியில் எழுதிக்கொண்டு வரலாம். பயிற்சியில் எப்படியும் ஒரு ஆய்வு செய்யத்தான் வேண்டும், அதற்கு மேலே சொன்ன ட்ரான்ஸ்ஃபர் விஷயத்தைத் தலைப்பாக எடுத்தால் ஒரே கல்லில் இரண்டு மாங்காய்.

எம்.டி. எனக்கு வேண்டாம், குடும்பம் இருக்கிறது, எம்.ஓ.வாகவே ஊரில் இருந்து எதையாவது உருப்படியாகச் செய்ய வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு, அவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. அவர்களுக்கு ஃபெலோஷிப்பைவிடச் சின்னப் படிப்புகள் நல்லது. ஐரோப்பாவில் அனர்த்த மருத்துவ முதுகலை ஒன்று இருக்கிறது, ஈ.எம்.டி.எம். என்பார்கள். இத்தாலியில் நோவாராவில் உள்ள கிரிமெடிம் நிலையமும் பிரஸ்ஸல்ஸின் வ்ரைய பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்துவது, 2000ஆம் ஆண்டில் தொடங்கியது. பெரும்பகுதி இணையத்தில், நடுவில் கொஞ்ச நாள் நேரில் போய் ஒரு பொய் அனர்த்தத்தைச் சமாளித்துக் காட்ட வேண்டும், முடிவில் ஒரு ஆய்வுக் கட்டுரை. வேலையை விடாமல் செய்யலாம், லீவு பிரச்சினை குறைவு. கட்டணம் யூரோவில் என்பதுதான் கசப்பு. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச செஞ்சிலுவைக் குழுவும் 2018இல் வெளியிட்ட அடிப்படை அவசர சிகிச்சைப் பயிற்சி அதற்கு நேர் எதிர்: ஐந்து நாள், மூச்சுத் திணறல், ஷொக், மயக்கம், காயம் என்ற நான்கு வாசலுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிடும், நர்ஸ்மாரும் சேர்ந்தே படிக்கலாம். இதைப் படித்தவர் பயிற்றுநராகி புல்மோட்டையிலும் மூதூரிலும் நடத்தினால் கிடைக்கும் பலனை எந்த ஃபெலோஷிப்போடும் ஒப்பிடலாம் என்பது என் அபிப்பிராயம். சான்றிதழில் மினுக்கம் குறைவு, அதனால் யாரும் ஓடிவந்து கேட்பதில்லை.

அப்புறம், படிப்பே வேண்டாம், நேரே எம்.எஸ்.எஃப். (எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு) போகிறேன் என்கிறவர்கள். இது அவ்வளவு பைத்தியக்கார யோசனை இல்லை. முதல் தடவை ஆறு மாதமாவது நிற்க எதிர்பார்ப்பார்கள், பெரிய சம்பளம் இருக்காது, ஆனால் சின்னச் சின்ன முடிவுகள் எல்லாவற்றுக்கும் நீங்களே பொறுப்பு என்பதால் ஒரு வருட வகுப்பில் கிடைக்காத துணிச்சல் அங்கே வரும். பாம்பும் பூச்சிமருந்தும் நமக்குத் தெரியும் என்று மேலே வீறாப்பாகப் பேசினேன் அல்லவா, அந்த வீறாப்பு தென்சூடானில் இறங்கினால் ஒரு வாரம்கூடத் தாங்காது. இலங்கை 2016இல் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் வாங்கிவிட்டது, அதற்கு முன் உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012. அதற்குப் பிறகு வெளிவந்த டொக்டர் ஒருவர் வெளிநாட்டில் இருந்து வந்த ஓரிருவரைத் தவிர ஒரு மலேரியா நோயாளியைத் தொட்டுப் பார்த்திருக்கவே மாட்டார். வலிப்போடு வரும் மலேரியாக் குழந்தை, கொலரா முகாம், எலும்பும் தோலுமாக வரும் பிள்ளைக்கு எவ்வளவு மெதுவாகப் பால் கொடுக்க வேண்டும் என்பது, அம்மை பரவினால் கூடாரத்தை எப்படிப் பிரிப்பது என்று எதுவும் நம் ரோஸ்டரில் வருவதில்லை. நம் நாட்டுச் சுகாதார சேவை அவ்வளவு நன்றாக வேலை செய்ததன் பக்க விளைவு இது, குறை சொல்ல முடியாது.

ஆகவே களத்துக்குப் போக நினைப்பவர்கள் முதலில் டி.ரி.எம். அன்ட் எச். என்ற வெப்பமண்டல மருத்துவ டிப்ளோமா ஒன்றை எடுத்துக்கொள்வது நல்லது. லண்டனிலும் லிவர்பூலிலும் மூன்று மாதமளவில் முடியும். பாங்கொக்கில் மகிடோல் பல்கலைக்கழகத்தில் ஆறு மாதம், செலவு இங்கிலாந்தைவிடக் குறைவு, வோட்டில் பார்க்கிற நோயும் நமக்குக் கிட்டினது. எனக்கு என்றால் மகிடோல். ஐ.சி.ஆர்.சி. என்ற அதே சர்வதேச செஞ்சிலுவைக் குழு 1986இல் இருந்து நடத்தும் ஹெல்ப் என்ற குறுகிய பயிற்சியும் உண்டு, பெருந்தொகையான மக்கள் இடம்பெயர்ந்தால் தண்ணீர், கழிப்பறை, உணவு, தடுப்பூசி என்று எதை முதலில் பார்ப்பது என்பதை அது தெளிவாக்கும்.

களத்துப் பாதுகாப்பைப் பற்றி வகுப்பில் ஒரு பாடம் வரும், எல்லா ஃபெலோஷிப்பிலும் வரும். 2006 ஆகஸ்ட் 4ஆம் தேதி மூதூரில் பிரெஞ்சுத் தொண்டு நிறுவனமான ஆக்ஷன் கொன்ட்ர் லா ஃபேமின் உள்ளூர்ப் பணியாளர்கள் 17 பேர் தங்கள் அலுவலக வளவுக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். அந்த நிறுவனத்தின் சட்டை போட்டிருந்தவர்கள்தான். வெளிநாட்டு ஃபெலோவுக்கு ஒரு விமானம் இருக்கும், உள்ளூர் ஆளுக்கு இருக்காது. எங்கே போனாலும் நீங்கள் வெளிநாட்டுப் பணியாளர் ஒப்பந்தத்தில் போகிறீர்களா, உள்ளூர் ஒப்பந்தமா, வெளியேற்றத் திட்டத்தில் உங்கள் பெயரும் உங்கள் கூட வேலை செய்கிறவர்களின் பெயரும் இருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஃபெலோஷிப் வேண்டவே வேண்டாம் என்று சொல்வதாக எடுக்காதீர்கள். எம்.டி. முடித்து, கன்சல்டன்ட் ஆகி, ஒரு அவசரப் பிரிவை மூன்று நான்கு வருடம் நடத்தி, எங்கே முட்டுகிறது என்று தெரிந்த பிறகு போனால் அமெரிக்க ஃபெலோஷிப்பும் அருமையான விஷயம், அப்போது பாடத்திட்டத்தில் தெரிந்த பகுதியைத் தள்ளிவிட்டு எம்.பி.எச்.சையும் அவர்களின் ஆய்வு வழிகாட்டிகளையும் மட்டும் உறிஞ்சி எடுத்துக்கொண்டு வரலாம். அந்த நேரம் நோயாளி பார்க்காத ஃபெலோவாகப் போனாலும் உதவித்தொகைக்கு உங்கள் விண்ணப்பம் பலமாக இருக்கும், ஏனென்றால் திரும்பி வந்து என்ன செய்வேன் என்பதற்கு உங்களிடம் ஒரு பதவியும் ஒரு மாவட்டமும் சாட்சிக்கு நிற்கிறது. இருபத்தெட்டு வயதில் இன்டேர்னும் ஒரு வருட ஈ.ரி.யூ.வும் மட்டும் கையில் வைத்துக்கொண்டு போனால் எழுதித் தருகிறதைப் படிப்பீர்கள், கேள்வி கேட்க உங்களிடம் ஒன்றும் இருக்காது. எம்.டி.யே வேண்டாம் என்று முடிவெடுத்தவர் ஐந்து நாள் பயிற்சியில் தொடங்கி, பயிற்றுநராகி, பிறகு ஈ.எம்.டி.எம். என்று போகலாம். களம்தான் ஆசை என்றால் மகிடோல், பிறகு எம்.எஸ்.எஃப்., அதுவும் அரச சேவையில் இருந்தால் சம்பளமில்லா லீவு அனுமதி எழுத்தில் கையில் வந்த பிறகு மட்டும். வாய்மொழியாகப் "போயிட்டு வாங்கோ" என்று சொன்ன அதிகாரி நீங்கள் திரும்பி வரும்போது அந்தக் கதிரையில் இருக்க மாட்டார்.

ஒன்றை விட்டுவிட்டேன். கணவன் மனைவி இரண்டு பேரும் டொக்டர் என்றால் மேலே சொன்ன எதையும் ஒருவருக்கு மட்டும் கணக்குப் போட முடியாது. ஒருவர் எம்.டி. பயிற்சியில் கண்டியிலும் மற்றவர் திருகோணமலையிலும் என்று பிள்ளையை அம்மம்மா வீட்டில் விட்டு வருடக்கணக்கில் ஓடியவர்களை எனக்குத் தெரியும். இருவரும் பி.ஜி.ஐ.எம்.மில் இருந்தால் வெளிநாட்டு வருடத்தை ஒரே நாட்டுக்கு, முடிந்தால் ஒரே நகரத்துக்கு, ஒரே காலத்துக்கு எடுக்க முயற்சி செய்யுங்கள். ஒருவருக்குப் பரீட்சை பிந்தினால் மற்றவர் புறப்படும் திகதியைத் தள்ளிப்போட முடியுமா என்று போர்ட் ஒவ் ஸ்டடிக்கு நேரகாலத்தோடு கடிதம் கொடுங்கள், கடைசி மாதத்தில் போய் நின்றால் அங்கேயும் ஒன்றும் செய்ய மாட்டார்கள்.